எடையற்ற ஊரிலிருந்து வந்த எலி

“தாயே, அடியார் துன்புறக் கண்டும் எட்டி நிற்பவனைக் கருணைக்கடல் என்று எப்படிச் சொல்வது?”

வந்ததும் வராததுமாக மாசிலாமணி இப்படிக் கேட்டார். அவர் கால்நடை மருத்துவர். விண்வெளிக்குப் போய்த் திரும்பும் விலங்குகளைப் பேணுவது அவர் பணி. கையில் மூடிய கூடை ஒன்று இருந்தது.

ஆற்றங்கரை மடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த தையல்நாயகி அம்மையார் கூடையின் மூடியை விலக்கிப் பார்த்தார். உள்ளே பஞ்சணையில் ஒரு வெள்ளெலி.

“பிள்ளையார் வாகனத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டீரே, டாக்டரே. பாவம், அவர் இனி நடந்தா போவார்?”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

விண்கலத்தில் போய் வந்த எலிகளுள் இதுவும் ஒன்று என்றார். உடன் வந்தவை கூண்டில் ஓடித் திரிகின்றன. இது மட்டும் வயிற்றைத் தரையில் வைத்துக் கிடக்கிறது. நாளைக்குள் எழாவிட்டால் ஊசியிட்டு அதன் துன்பத்தை முடித்துவிட வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் தீர்மானம். ஊசியிட வேண்டிய கை அவருடையது.

“அங்கே இதற்கு உணவில்லையா?”

“குறைவில்லாமல் இருந்தது.”

“நோயோ?”

“இல்லை. மிதந்துகொண்டே இருந்தது, தாயே. உடம்பைத் தாங்கும் வேலை கால்களுக்கு இல்லாமல் போயிற்று. பின்னங்கால் தசை நூலாய் இளைத்துவிட்டது.”

“மண்ணுக்கு வந்த பிறகு?”

மாசிலாமணி குனிந்து எலியைப் பார்த்தார்.

“மற்றவற்றைக் கூடத்து ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். கூண்டின் மூலையில் தீனியை வைப்பார்கள், போய்விடுவார்கள். இதை நான் எடுத்துக்கொண்டேன். பஞ்சில் கிடத்தினேன். பாலன்னத்தை வாயில் ஊட்டினேன். கை நோக ஏந்தியே வைத்திருந்தேன். நான் அன்பு செய்த இதுதான் எழவில்லை.”



அம்மையார் எலியை எடுத்து வெறுந்தரையில் விட்டார். நிவேதனத் தட்டிலிருந்து ஒரு கடலையை எடுத்து, அதற்கு ஒரு முழம் தள்ளி வைத்தார்.

பிறகு மாசிலாமணியின் வலக்கை மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

எலி மோப்பம் பிடித்தது. முன்னங்கால்கள் தரையைப் பிறாண்டின. பின்னங்கால்கள் ஈர நூல்போல் இழுபட்டன. சற்றே நகர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

மெல்லியதாக ஒரு கீச்சொலி.

மாசிலாமணியின் கை துள்ளிற்று. பிடி இறுகியது.

“விடுங்கள், தாயே. அது அழுவது கேட்கவில்லையா?”

“கேட்கிறது.”

“கல்லா உங்கள் நெஞ்சு?”

எலி மீண்டும் கீச்சிட்டது.

அப்போதுதான் மாசிலாமணி உணர்ந்தார். தம்மைப் பற்றியிருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். அம்மையாரின் கண்கள் நிறைந்திருந்தன. உதடுகள் ஓசையின்றி ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டிருந்தன.

மாசிலாமணி கையை இழுப்பதை நிறுத்தினார்.

எலி நெடுநேரம் அசையவில்லை. பின், ஒரு பின்னங்கால் தரையைத் தேடி ஊன்றியது, நடுங்கியது, மடிந்தது. மறுபடி ஊன்றியது. மற்றொன்றும் அதனோடு சேர்ந்துகொண்டது.

வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்று தெரிந்தது.

தள்ளாடித் தள்ளாடிக் கடலையை அடைந்தது. குந்தி உட்கார்ந்து, இரு கைகளாலும் அதை ஏந்திக் கொறிக்கத் தொடங்கியது.

கண்ணீரைத் துடைக்க மாசிலாமணி வலக்கையைத் தூக்கினார். அது தடையின்றி எழுந்தது.

அம்மையார் எப்போதோ பிடியை விட்டுவிட்டுப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்.