பின் இடதுகால் தூக்கிய வீடு

மழை விட்டு இரண்டு நாளான ஒரு பிற்பகலில், பழனி மலைச்சரிவிலிருந்த ஒரு காபித் தோட்டத்துக்கு மடக்கு வீடு ஒன்று வந்து சேர்ந்தது.

காருக்குப் பின்னால் கோத்து இழுத்துவரும் வண்டி அது. மடக்கினால் ஒரு பெரிய பெட்டி. கூரையை உயர்த்தி, இரண்டு பக்கமும் படுக்கைகளை வெளியே இழுத்து, துணிச்சுவர்களை மாட்டினால் வீடு. அதற்கு இரண்டு சக்கரங்கள், முன்னால் ஒரு சின்ன மூக்குச் சக்கரம், நான்கு மூலைகளிலும் மடங்கி நீளும் நான்கு இரும்புக் கால்கள்.

வண்டியின் சொந்தக்காரர் கோமதிநாயகம், தென்காசியில் ஜவுளிக்கடை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி செண்பகவல்லிக்குக் காதுக்குள் வந்த ஒரு நோயால் ஒரு வருஷமாகத் தலைசுற்றல். தரை கொஞ்சம் சாய்ந்தாலும் அவளுக்கு உலகமே சாயும். ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாமல் இருந்தவளை, நம் படுக்கை நம்மோடு வரும் என்று சொல்லித்தான் அவர் கிளப்பினார். அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"அங்க போய் ஒரு தடவை தலை சுத்துனாலும், மறுபேச்சு இல்லாம வண்டியைத் திருப்பணும்."

அவர் சரி என்றிருந்தார். வரும் வழியெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

தோட்டத்தில் வண்டியை நிறுத்த அவர்களுக்குக் கொடுத்த இடம் இடப்பக்கம் சரிந்திருந்தது. அவளைச் சீக்கிரம் படுக்க வைக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. காரைக் கழற்றினார். சக்கரங்கள் உருளாமல் கல் வைத்தார். கூரையை உயர்த்தினார். வண்டியோடு வந்த இரண்டு கனமான பலகைகளைக் கதவுக்குக் கீழே படியாகப் போட்டு, அவளை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினார். பிறகு கால்களை நீட்டும் சுழல் கைப்பிடியை எடுத்துக்கொண்டு, தாழ்ந்து கிடந்த மூலைக்குப் போனார்.

அந்த மூலையில் இருந்தது பின் இடதுகால்.

கைப்பிடி சுற்றச் சுற்ற அது கீழே நீண்டது. மண்ணைத் தொட்டது. அவர் நிறுத்தவில்லை. இன்னும் சுற்றினார். வீடு மெல்ல எழும்பியது.

"பார்த்தீர்களா? வீட்டையே தூக்குகிறேன்" என்றது பின் இடதுகால்.

"தூக்குவது உன் வேலை இல்லையே" என்றது இடது சக்கரம். "பாரம் சுமப்பது நான். ஆடாமல் பார்த்துக்கொள்வது நீ."

"நீ பள்ளத்தில் கிடக்கிறாய். உன்னால் முடியாததைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன்."

மற்ற மூன்று கால்களுக்கும் இதைக் கேட்டுப் பொறாமையாக இருந்தது. தங்களையும் சுற்றமாட்டாரா என்று கோமதிநாயகத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

முன்னால், காரோடு கோக்கும் இழுகம்பியில், சமம் பார்க்கும் ரசமட்டம் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குள் இருந்த காற்றுக்குமிழி வலது ஓரத்திலிருந்து நகர்ந்து நடுவை நோக்கி வந்தது.

"குமிழியே என் பக்கம் வருகிறது" என்றது கால்.

"நான் வெறும் காற்று" என்றது குமிழி. "மேடு எங்கேயோ அங்கே போவேன். என்னைச் சாட்சிக்கு இழுக்காதே."

"செம்பகம், இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"மேசைகிட்ட பரவால்ல. படுக்கைகிட்ட என்னமோ முறுக்குது" என்று துணி ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"குமிழி நடுவுக்கு வந்துட்டுதே?"

"குமிழி வெளிய இருக்கு. நான்ல உள்ள இருக்கேன்."

அவர் இன்னும் நாலு சுற்று சுற்றினார். கதவு முனகியது.

"யாராவது என் சட்டத்தைப் பாருங்கள்" என்றது அது. "சதுரமாக ஊரிலிருந்து கிளம்பினேன். இப்போது என்ன வடிவம் என்று எனக்கே தெரியவில்லை."

பின் இடதுகால் காது கொடுக்கவில்லை. அதன் முழு கவனமும் மேலே இருந்தது. கீழே மண் இரண்டு நாள் மழையில் ஊறிக் கிடந்ததை அது நினைக்கவேயில்லை. திடீரென்று அதன் பாதம் ஒரு சாண் உள்ளே இறங்கியது. வீடு இடப்பக்கம் சரிந்து குலுங்கி நின்றது. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

"செம்பகம்?"

அவர் ஓடிவந்து கதவை இழுத்தார். அது வரவில்லை. தன் காலைத் தூக்கி வண்டியின் பக்கவாட்டில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். அசையவில்லை.

"நான் என்ன செய்வேன், என்னை நான்கு பக்கமும் பிடித்திருக்கிறார்களே" என்று கதவு அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சற்று நேரம் கழித்துச் செண்பகவல்லியின் குரல் கேட்டது. மெதுவாக வந்தது.

"மேசையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். கண்ணைத் தொறக்கல. நீங்க பதறாதீங்க."

"கதவு மாட்டிக்கிட்டுது."

"கடைசியா எதைச் செஞ்சீங்களோ, அதை முதல்ல கழட்டுங்க."

அவர் மூலைக்கு ஓடினார். கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினார்.

"என்னை இறக்குகிறாரே" என்றது பின் இடதுகால். அதற்கு அவமானமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சட்டம் தளர்ந்தது. கதவு ஒரு பெருமூச்சு விட்டுத் தானாகவே திறந்துகொண்டது.

கோமதிநாயகம் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கிப் படிப்பலகைமேல் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். அவள் முகம் வெளிறியிருந்தது. பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். பிறகு அவர் எழுந்து கார் சாவியை எடுத்தார்.

"எங்க போறீங்க?"

"சொன்ன சொல்லு சொல்லுதானே. திருப்பிருவோம்."

செண்பகவல்லி வீட்டைப் பார்த்தாள். சரிவைப் பார்த்தாள்.

"இப்ப சுத்துனது என் தலை இல்லங்க. வீடு. அது கணக்குல வராது."

அவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"ஆமா, இந்தப் பலகை எதுக்குக் குடுத்தாங்க?" என்று கேட்டாள், தான் உட்கார்ந்திருந்ததைத் தட்டி.

"படி மாதிரி போட்டுக்கத்தான்னு நெனச்சேன்."

"படிக்கு ஒரு ஓரத்தை ஏன் சரிவாச் சீவிருக்கு? சக்கரம் ஏறுறதுக்கால்ல இருக்கும்?"

பலகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. படியாகப் போட்டதிலிருந்து இதைச் சொல்லத்தான் அவை காத்திருந்தன. யாரும் கேட்கவில்லை.

முதலிலிருந்து தொடங்கினார்கள். கூரையை இறக்கி, கால்களையெல்லாம் மடக்கி, காரைக் கோத்து, பலகைகளை அடுக்கி இடது சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்கள். ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தபடி செண்பகவல்லி கையை ஆட்டினாள்.

"வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம். போதும், நிறுத்துங்க."

சக்கரம் பலகைமேல் ஏறி நின்றது. குமிழி நடுவில் வந்து அமர்ந்து, "இனி எனக்குப் போக இடமில்லை" என்றது. கற்களை அண்டக் கொடுத்து, காரைக் கழற்றி, மூக்குச் சக்கரத்தால் முன்பக்கத்தையும் சமமாக்கினார்கள். கடைசியாகத்தான் கால்களிடம் வந்தார் கோமதிநாயகம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு தட்டைக் கல்லை வைத்து, பாதம் அதைத் தொட்டதும் அரைச்சுற்று இறுக்கிவிட்டு நகர்ந்தார்.

"இவ்வளவுதானா?" என்றது பின் இடதுகால்.

மேலே கூரை எழும்பியது. கதவு ஒரு விரல் பட்டதும் திறந்து, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. செண்பகவல்லி உள்ளே போனாள். கண்ணைத் திறந்து நின்றாள். இரண்டடி நடந்தாள். பிடித்திருந்த மேசை விளிம்பை விட்டுவிட்டு இன்னும் இரண்டடி நடந்தாள்.

"அந்தக் கேரம் போர்டை எடுங்க" என்றாள்.

ஒரு வருஷமாக அவளால் குனிந்து எதையும் பார்க்க முடிந்ததில்லை.

இருட்டும் முன் பள்ளத்தாக்கிலிருந்து காற்று கிளம்பியது. வலப்பக்கமிருந்து வந்து வீட்டின்மேல் முட்டியது. வீட்டின் எடை முழுவதும் ஒரு நொடி பின் இடதுகாலின் பக்கம் சாய வந்தது. கால் கல்லில் பாதத்தை அழுத்தி நின்றது. காற்று திரும்பவும் முட்டியது. கால் நின்றது.

உள்ளே செண்பகவல்லி சிவப்புக் காயைக் குறிபார்த்துக் குனிந்திருந்தாள். சுண்டினாள். காய் நேராக ஓடிக் குழியில் விழுந்தது.

"வெளிய காத்து அடிக்குதா என்ன?" என்று கேட்டாள்.

"தெரியலையே" என்றார் கோமதிநாயகம்.

பின் இடதுகாலுக்கு அது போதுமானதாக இருந்தது.