மூன்று கதவு நத்தை

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலம். ஒரு சுண்ணாம்புப் பாறை இடுக்கில் நத்தைக் குடும்பம் ஒன்று இருந்தது. மிளகைவிடப் பெரிய ஆள் அதில் கிடையாது.

மூத்தது திருகு. கடைசி கடுகு. நத்தைக் குலத்தில் ஒரே உடம்புதான் ஆணும் பெண்ணும். அதனால் கடுகு மூத்ததை ‘அண்ணக்கா’ என்று கூப்பிடும். சிரித்தது போதும், கேளுங்கள்.

கோடை வந்தால் நத்தைகள் பாறையில் ஒட்டிக்கொள்ளும். தம் கோழையாலேயே ஓட்டின் வாயை மூடிக்கொள்ளும். காய்ந்தால் அதுதான் கதவு. மழை வரும்வரை தூக்கம். நடுவில் திறந்தால் உடம்பின் ஈரம் போச்சு.

எல்லோரும் ஒரு கதவு போட்டார்கள். திருகு மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று போட்டது. அதில் அதற்கு அத்தனை பெருமை.

கடுகுக்கு அதுதான் முதல் கோடை. வெள்ளாடு ஒன்று பாறைமேல் மூத்திரம் பெய்தது. மழை என்று கதவைத் திறந்தது கடுகு. அசடு வழிய மூடியது. பிறகு ஆட்டு மேய்ப்பன் அதே பாறைமேல் கை கழுவினான். மறுபடி திறந்தது. இந்தமுறை மூடக் கோழை இல்லை.

ஊர்ந்துபோய்த் திருகின் கதவை முட்டியது.

“அண்ணக்கா, ஈரம் தீர்ந்துபோச்சு.”

“ஆட்டு மூத்திரத்துக்குக் கதவு திறந்த ஆளா? போ, போய்த் தூங்கு.”

இரண்டாம் முறை முட்டியது. “மூணு கதவு போட்டுக் காக்க, உள்ளே ராஜாவா இருக்கார்?”

திருகுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது. திறந்தால் மூன்றும் போய்விடுமே!

மூன்றாம் முறை கதவு லேசாக அதிர்ந்தது. அவ்வளவுதான். கேலி வரவில்லை.

கேலி பேசாத கடுகா? திருகு மூன்று கதவையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கடுகைப் பாறையோடு ஒட்டவைத்து, அதன் ஓட்டு வாயைச் சுற்றிக் கோழையை வஞ்சனையில்லாமல் பூசியது. மிஞ்சியதில் தனக்கு ஒரே ஒரு கதவு. வெங்காயச் சருகு மாதிரி.

கோடை லேசில் போகவில்லை. திருகு காய்ந்து, ஓட்டின் கடைசிச் சுழிக்குள் ஒடுங்கிப்போனது.

ஒருநாள் மழை கொட்டியது. எல்லோரும் வெளியே வந்து பாசி மேய்ந்தார்கள். திருகு வரவில்லை. கதவைத் தள்ளத் தெம்பில்லை.

கடுகு பாசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரம் போன்ற தன் நாக்கால் அண்ணக்காவின் கதவைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டை போட்டது. மழைத்துளி உள்ளே விழுந்தது. அசைவில்லை. இன்னொரு துளி. அசைவில்லை. மூன்றாவது துளிக்கு ஒரு கொம்பு மெல்ல நீண்டது.

“ராஜா எழுந்தாச்சா?”

“எழுந்தாச்சு. வழியை விடு, கழுதை.”

பூட்டிவைத்த ஈரம் ஓர் உயிரைக் காக்கும். கொடுத்த ஈரம் இரண்டு உயிரைக் காக்கும்.