கவிராயர் கடைந்த மோர்

கொன்றையாபுரி மன்னர் திருமேனி நாயக்கர் தம் பிறந்தநாளுக்கு ஊர்ச் சனங்களைத் திரட்டச் சொன்னார். தண்டோராக்காரன் சங்கிலி மூன்று நாள் தெருத்தெருவாக அடித்தான். பிறந்தநாளும் வந்தது. அரண்மனை மைதானத்துக்கு வந்தவை இரண்டு ஆடுகள். அவையும் மேய வந்தவை.

வெண்ணெய் தொட்டு ஆறு அடை சாப்பிட்டுவிட்டு உப்பரிகைக்கு வந்த மன்னருக்கு வந்ததே கோபம்.

"சங்கிலிக்கு நூறு கசையடி!"

ஆஸ்தான வித்துவான் ஏகாம்பரக் கவிராயர் எழுந்தார். ஊரில் யார் அடிபட்டாலும் அதற்கு இலக்கணம் சொல்வது அவர் உத்தியோகம்.

"மகாராஜா, 'திரட்டு' என்ற சொல் எங்கே பிறந்தது? தயிர்ப்பானையில். கடையக் கடைய வெண்ணெய் திரள்கிறது. சனங்களும் அப்படித்தான். சங்கிலியோடு நிறுத்தாமல் ஊரையே கசையால் கடைய வேண்டும்."

"பேஷ்!" என்றார் மன்னர்.

விகடகவி விடங்கன் சங்கிலியைப் பார்த்தான். மனுஷன் அதற்குள் சட்டையைக் கழற்றி மடித்து வைத்திருந்தான். கிழிந்தால் வேறு சட்டை கிடையாது.

"கவிராயர் சொன்ன பொருள் அப்பழுக்கில்லாதது," என்றான் விடங்கன். "அவரே ஒருமுறை கடைந்து காட்டட்டும். திரண்டால் ஊரையே அடிக்கலாம்."

மன்னர் தலையாட்டினார். மடைப்பள்ளியிலிருந்து பானை வந்தது. கவிராயர் மத்தைச் செய்யுளில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் கச்சத்தை இறுக்கிக்கொண்டு கடைந்தார். ஒரு நாழிகை போயிற்று. நுரை வந்தது, வியர்வை வந்தது, வெண்ணெய் வரவில்லை.

"இன்னும் வேகமாக ஐயா! கசையடி என்று நினைத்துக்கொள்ளுங்கள்," என்றான் விடங்கன்.

மன்னருக்குப் பொறுமை போயிற்று. "பானையில் என்னதான் இருக்கிறது?"

"மோர், மகாராஜா. வெண்ணெயை முன்பே எடுத்துவிட்டார்கள்."

"எந்தத் திருடன் எடுத்தான்?"

"காலையில் மகாராஜாவின் அடையோடு பார்த்தேன்."

விடங்கன் கைகட்டி நின்றான்.

"முதல் தடவை திரட்டியபோது சனங்களின் மாட்டைப் பிடித்துக்கொண்டோம். அடுத்த தடவை ஆட்களையே குளம் வெட்ட ஓட்டினோம். இப்போது ஊரில் மிச்சம் மோர்தான். சங்கிலி என்ன செய்வான், பாவம்?"

மன்னர் உதட்டோரத்தைத் துடைத்துப் பார்த்தார். விரலில் வெண்ணெய். கடகடவென்று சிரித்துவிட்டார். அவர் சிரித்தது உறுதியான பிறகு சபையும் சிரித்தது.

"சங்கிலியை விடுங்கள். மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். குளம் வெட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போகட்டும்," என்றவர், கைக்காப்பைக் கழற்றி விடங்கனிடம் நீட்டினார். "வேறு ஏதாவது குறை உண்டா?"

"ஒன்றே ஒன்று, மகாராஜா. கவிராயரை நிறுத்தச் சொல்லுங்கள். இன்னும் கடைந்துகொண்டிருக்கிறார்."