தழும்பு கேட்ட அதிகாரி

பெருந்தொற்றுக் காலத்தில் மாநில எல்லைச் சோதனைச்சாவடியில் இருந்த அதிகாரி தாமோதரனுக்கு எல்லோர் மீதும் சந்தேகம். பிரசவ வலி கண்ட மகளைப் பார்க்கப் பேருந்தில் வந்த இஸ்திரிக்காரி வேலாத்தாளின் தடுப்பூசிச் சான்றிதழை வெயிலில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"இது போலி. ஊசி போட்ட தழும்பைக் காட்டு. இல்லையென்றால் திரும்பிப் போ."

"இந்த ஊசிக்குத் தழும்பு விழுகாதுங்க, சார்."

"என்னிடமே கதை விடுகிறாயா?"

"சரிங்க, உங்க தழும்பைக் காட்டுங்க. அது மாதிரி எனக்கும் இருக்குதான்னு தேடிப் பார்க்கறேன்."

தாமோதரனின் கை சட்டைக் கையைத் தொட்டு அப்படியே நின்றது. பக்கத்தில் நின்ற காவலர் இருமுவதுபோல் சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் அதிகாரியை மேலும் கீழும் பார்த்தார்கள். அவர் தடுப்புக் கம்பியைத் தூக்கினார்.

பேருந்து நகர்ந்தபோது வேலாத்தாள் ஜன்னல் வழியே சொன்னாள்:

"நீங்களும் போட்டுக்குங்க, சார். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."