மையியின் மரமணி

விடிஞ்சும் விடியாத நேரம். எருமை நாலு. ஓட்டிட்டுப் போறவ பேரு பொன்னுருவி. ஒரு ஊர்ல ஒரு பொன்னுருவின்னு வெச்சுக்கோ. அந்த ஊரு மலை உச்சியில இருந்துச்சு. அங்க பனி புஸ்ஸுன்னு வரும். முதல்ல மரம் காணாமப் போகும், அப்புறம் வேலி, அப்புறம் நீட்டின கையே காணாமப் போகும்.

"எருமை, சித்தி?"

எருமை கருப்பாச்சே, அது கடைசியாத்தான் போகும். ஆனா போயிடும். ம் சொல்லு.

"ம்."

நாலுல மூணு எருமை அவ பின்னாடியே வரும். மையின்னு ஒண்ணு மட்டும் தன் இஷ்டத்துக்குத் தனியா போகும். மேய்ச்சல் காட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளம். மையி வேற சினையா இருந்துச்சு. அதோட வெண்கல மணி ஓடையில விழுந்து போச்சு. சத்தம் இல்லாட்டி பனியில எருமையை எங்கன்னு தேடுறது? அதனால மரத்துல ஒரு மணி செய்ய பொன்னுருவியே உக்காந்தா. உளியை அவ கையில பிடிச்சதே அன்னைக்குத்தான்.

வேங்கைக் கட்டை ஒண்ணு எடுத்தா. அறுத்த இடத்துல பாத்தா, சுத்தி வெள்ளை, நடுவுல தேன் நிறத்துல வைரம், அதான் மரத்தோட கெட்டியான நடுப்பாகம். மணின்னா உள்ளே கூடா இருக்கணும்ல? நடுவுல உளியை வெச்சுத் தட்டினா. ணங், ணங். உளி வழுக்குது. ஓரத்து வெள்ளையில வெச்சா சரக் சரக்னு சொன்னபடி வருது. அப்போ அவ என்ன பண்ணினா, வைரத்தைச் சுத்திக் குடைஞ்சு, அதை ஒரே உருண்டையா நெம்பி எடுத்து வாசல் ஓரம் வீசிட்டா. மிச்சம் வெள்ளை ஓடு. அதுக்கு ஒரு நாக்கைக் கட்டி மையி கழுத்துல மாட்டினா. டொக், டொக்.

கொழுந்தன் சின்னாண்டி பாத்துட்டு, "அண்ணி, இது மணியா, பணியாரமா?"ன்னான்.

"சத்தம் வருதுல்ல? வாயை மூடினா உனக்கும் கேக்கும்."

அப்புறம் ஆடி மழை வந்துச்சு. வெள்ளை தண்ணியைக் குடிச்சு ஊறிப் போச்சு. தொப், தொப். பக்கத்துல நின்னாலும் கேக்கல. மத்தியானம் பனி விலகினப்புறம்தான் மையியைக் கண்டுபிடிச்சா.

"ஓடு மெலிசாப் போச்சு"ன்னு ரெண்டாவது மணி செஞ்சா. கனமா விட்டா, எண்ணெய் தடவினா. ஆனா நடுவை மறுபடியும் நெம்பித்தான் வீசினா.

"மறுபடியுமா?"

மறுபடியும்தான். புரட்டாசியில மையி கழுத்துல அரிசி மாவு மாதிரி கொட்டிக் கிடந்துச்சு. மணிக்குள்ளே வண்டு. கர்ர்... கர்ர்... ஒரு நாள் சாயங்காலம் மணி பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு. மையி வீட்டுக்கு வரல. காலைல பாத்தா, பள்ளத்து விளிம்புல நின்னு புல்லு மேயுது. பொன்னுருவி மெதுவாப் போய் அதை இந்தப் பக்கம் திருப்பி ஓட்டிட்டு வந்தா. ம்?

"ம்..."

மார்கழி பொறந்துச்சு. வாசல் பெருக்கறப்போ விளக்குமாறு எதுலயோ இடிச்சுது. டங். பாத்தா, அவ வீசின வைரம். கூட வீசின வெள்ளைச் சிராயெல்லாம் கரையான் தின்னு மண்ணாக் கிடக்கு. இது மட்டும் மழை, வெயில், கரையான் எல்லாத்தையும் பாத்துட்டு அப்படியே கிடக்கு.

"பழத்தை வீசிட்டுத் தோலைக் கட்டியிருக்கேன்"னா பொன்னுருவி.

சின்னாண்டி, "நான் பணியாரம்னேன். தோலுன்னு நீங்கதான் சொல்றீங்க"ன்னான்.

அப்புறம் பெருத்த கட்டையாத் தேடி எடுத்தா. முதல்ல வெள்ளையைச் செதுக்கித் தள்ளினா. அப்புறம் வைரத்தைக் குடைஞ்சா. ணங், ணங். கை கொப்புளிச்சுது. அவசரப்படல. வெள்ளையையும் இந்தத் தடவை வீசல. அதுல நாக்கு செஞ்சா. நாக்கு தேஞ்சா, இன்னொண்ணு செஞ்சு மாட்டிக்கலாம். மணி அப்படியே இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் பெரிய பனி இறங்குச்சு. மரம் போச்சு, வேலி போச்சு, கை போச்சு, மையியும் போச்சு. பொன்னுருவி ஓடல, கத்தல. நின்னா. உன் கண்ணு மூடியிருந்தாலும் நீ ம்னு சொன்னா முழிச்சிருக்கேன்னு எனக்குத் தெரியுதுல்ல, அந்த மாதிரி காதைத் தீட்டிட்டு நின்னா. ஒண்ணும் கேக்கல. பள்ளத்துப் பக்கம் காத்து மட்டும் உஸ்ஸுங்குது. அப்புறம் தூரத்துல, மெதுவா...

டங்.

அவ ஒரு அடி வெச்சா. டங். இன்னொரு அடி. டங். சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே பனிக்குள்ள போனா. கையில ஈரமா ஒரு மூக்கு பட்டுச்சு. ஹ்ம்ம்ம்னு ஒரு மூச்சு. கழுத்துக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்தாங்க. டங்... டங்...

ம்?

ம் சொல்லு.

சரி. மணி நின்னுடுச்சு, எருமை படுத்துடுச்சு, கதையும் படுத்துடுச்சு. நீ தூங்கு.

தூங்கிட்டியா? அப்புறம் தை மாசம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மையி கன்னு போட்டுது.