ஓடிய ஒரே லேப்டாப்

"ஒண்ணு ஓடுது, இன்னொண்ணு ஓடல. அதே கம்பெனி, அதே மாடல், அதே லினக்ஸ். நான் என்னதான் பண்ணட்டும், சொல்லு."

தமயந்தி டீச்சர் இரண்டு லேப்டாப்களையும் மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்பதே சரி.

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த நூலக மாடியில் ஞாயிறுதோறும் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் கூடுவார்கள். யாருக்கு எது ஓடாவிட்டாலும் மெஹரிடம்தான் வருவார்கள். அவளுக்குத் தமயந்தியைவிடப் பதினைந்து வயது குறைவு. முதலில் கிண்டலுக்குத்தான் குரு என்று கூப்பிட்டார்கள். கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

குரு அதிகம் பேசமாட்டாள். தமயந்திக்கு அது பிடிக்காது. அவள் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவள். கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் வேண்டும்.

பழைய மாணவன் ஒருவன் தன் அலுவலகத்தில் கழித்த லேப்டாப்களைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தான். எல்லாம் ஒரே மாதிரி, எதிலும் விண்டோஸ் இல்லை. அதற்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட்டு ஓட வைக்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் வாக்குக் கொடுத்தது தமயந்திதான். போட்டாள். பாஸ்வேர்டு கேட்கும்வரை நன்றாகத்தான் வந்தது. கொடுத்ததும் திரை கறுத்தது. அத்தனையிலும்.

திரையில் படம் வரவைக்கிற கிராபிக்ஸ் டிரைவரில் கோளாறு என்று இன்டர்நெட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எப்படிச் சரிசெய்வது என்பதை மட்டும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

நாளை மதியம் தலைமையாசிரியை பார்க்க வருகிறார். ஓடாவிட்டால் லேப்டாப்கள் காயலான் கடைக்குப் போகும். கம்ப்யூட்டர் அறை, பந்தும் வலையும் வைக்க பி.டி. மாஸ்டருக்குப் போகும். அவர் வெள்ளிக்கிழமையே டேப்போடு வந்து அளந்துவிட்டார். போகிற போக்கில் ஒரு லேப்டாப் முன்னால் குனிந்து தலை சீவிக்கொண்டார். "முகம் நல்லாத் தெரியுது டீச்சர், இப்படியே விட்டுடுங்க."

இதையெல்லாம் தமயந்தி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மெஹர் ஓடுகிற லேப்டாப்பைக் காட்டி, இது எப்படி ஓடியது என்று கேட்டாள்.

படம் வராவிட்டாலும் வெறும் எழுத்து வருகிற திரைக்குப் போக ஒரு வழி உண்டு. நேற்று வெறுப்பு தலைக்கேறி, கண்ணில் பட்ட கட்டளைகளை எல்லாம் அதில் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தாள் தமயந்தி. கடைசியில் அணைத்துவிட்டு ஆன் செய்தாள். திரை வந்தது. அதே கட்டளைகளை, அதே வரிசையில், இரண்டாவது லேப்டாப்பிலும் அடித்தாள். வரவில்லை. எல்லாவற்றையும் அழித்து, லினக்ஸைப் புதிதாகப் போட்டு, மறுபடி அடித்தாள். அப்போதும் வரவில்லை.

"அடிச்சதுல எதனால ஓடுச்சு?"

"எல்லாத்தாலயும்தான்."

மெஹர் ஓடாத லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தாள். ஓடுகிறதைத் தமயந்தியின் பக்கம் தள்ளினாள்.

"இதைக் கெடுங்க, டீச்சர்."

விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

இருக்கிற ஒன்றையும் கெடுத்துவிட்டு நாளைக்கு எதைக் காட்டுவது என்று தமயந்தி கேட்டாள். வலிக்கிற பல்லைக் காட்டினால் நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லும் டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது இதற்குத்தானா என்றாள். தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடு என்றாள்.

"தெரியாது," என்றாள் மெஹர்.

அதற்குமேல் சண்டை போடத் தமயந்திக்கு வழியில்லை.

மெஹர் எழுந்து, பிரிண்டரோடு வந்திருந்த ஒருவரிடம் போனாள்.

கிளம்பிவிடலாமா என்றுகூடத் தமயந்தி நினைத்தாள். பிறகு, எதை எடுத்தால் கெடுகிறது பார்ப்போம் என்று, கடைசியாகச் செய்த மாற்றத்தை நீக்கினாள். அணைத்து ஆன் செய்தாள்.

திரை வந்தது.

அதற்கு முந்தையதை நீக்கினாள்.

வந்தது.

அடுத்ததையும் நீக்கினாள். அப்போதும் வந்தது. திரை வருகிறதே என்று அவள் பல்லைக் கடித்தது அன்றைக்குத்தான்.

இப்படியே ஒவ்வொன்றாகப் போய், நீக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. ஒரு வாரம் தேடித் தேடி எடுத்த கட்டளை ஒன்றுகூட உள்ளே இல்லை. திரை பளிச்சென்று இருந்தது.

"மெஹர், இது கெட மாட்டேங்குது."

"வேற என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணுமே பண்ணல. அணைச்சு ஆன் பண்ணினேன், அவ்வளவுதான்."

"ஆன் பண்ணும்போது?"

அப்போதுதான் தமயந்திக்கு நினைவு வந்தது.

நேற்று ஆன் செய்யும்போது எரிச்சலில் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். லினக்ஸ் வருவதற்கு முன்னால் ஒரு நீலத் திரை வந்தது. லேப்டாப் தன் பாகங்களைப் பற்றிக் கேட்கிற திரை. இந்த மாடலுக்குள் கிராபிக்ஸ் சிப் இரண்டு. இரண்டும் மாறி மாறி வேலை செய்யட்டுமா என்று ஒரு வரி கேட்டது. வேண்டாம் என்று போட்டாள். நேற்று இருந்த மனநிலையில் எது கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் போட்டிருப்பாள். அதையும் தான் செய்த ஒரு வேலையாக அவள் நினைக்கவே இல்லை.

லேப்டாப்பை அணைத்தாள். அந்தப் பட்டனை அமுக்கியபடியே ஆன் செய்தாள். நீலத் திரை வந்தது. அந்த வரியைத் தேடி, வேண்டும் என்று மாற்றினாள்.

லினக்ஸ் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தாள்.

பிரிண்டர்க்காரர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர் ஆச்சு?" என்றாள் மெஹர்.

"கெட்டுப்போச்சு," என்றபடியே, ஓரமாக மூடிக்கிடந்த இன்னொரு லேப்டாப்பை, அதிலும் வேண்டாம் என்று போட, எட்டி இழுத்தாள் தமயந்தி.