சினைன்னு நெனச்ச வெள்ளை மணி

ஒரு ஊர்ல, வாசலைத் தாண்டினா மணலும் மணலைத் தாண்டினா கடலுமா இருந்த ஊர்ல, வியாகுலம்மான்னு ஒரு பிடிவாதக்காரி இருந்தா மக்கா. காலை நீட்டிப் படு, அப்பத்தான் சொல்லுவேன். ம், அப்படி.

அப்போல்லாம் கடல் எப்படி இருக்கும்ங்கிற! இடுப்பளவு தண்ணியில நின்னாலும் கால் நகம் தெரியும். பாசியில ஒட்டிக்கிட்டு மீன் சினை, அதான் மீன் முட்டை, கரைக்கு வரும், மணி மணியா. அதை யாரும் மிதிக்க மாட்டாங்க. முந்தானையில அள்ளித் திரும்பக் கடல்ல விடுவாங்க. அது ஊர் வழக்கம்.

அப்போ வியாகுலம்மா மக மெற்றில்டா பிள்ளை பெத்துக் கிடந்தா. பால் ஊறலை. பிள்ளை "ங்கா... ங்கா..."ன்னு கத்துது. பால் சுறா கிடைச்சா புட்டு அவிச்சுக் குடுக்கலாம், பால் ஊறும். ஆனா வலையில ஒரு சுறாவும் விழலை.

அந்த நேரம் பாத்து எங்கேயோ ஒரு கப்பல்ல இருந்து பெட்டி பெட்டியா கடல்ல விழுந்துச்சாம். விடிஞ்சு பாத்தா கரை பூரா வெள்ளை மணி, ஜவ்வரிசி கொட்டின மாதிரி! "ஏட்டி மெற்றில்டா, மாதா கண்ணைத் தொறந்துட்டா! இம்புட்டு சினை! இனி மீனுக்குப் பஞ்சமில்லை"ன்னு வியாகுலம்மா குதிச்சா.

கேக்குறியா?

"ம்."

அப்புறம் ஒரு ஓலைக் கடகம் நெறைய அள்ளி அலையில விட்டா. 'சளப்'புனு அலை திருப்பிக் கொண்டாந்து போட்டுச்சு. இடுப்பளவு தண்ணியில போய் விட்டா. திரும்பவும் 'சளப்'. விடுவாளா? மருமகனோட வள்ளத்துல ஏறி நடுக்கடல்ல கொட்டிட்டு வந்தா. அது திரும்பி வரலை.

அப்புறம் கொஞ்ச நாள்ல வலையில பால் சுறா விழுந்துச்சு. 'சரக்'குனு வயித்தைக் கீறினா. உள்ள ஒரு சாளை மீன். சாளை வயித்தைக் கீறினா...

"என்ன இருந்துச்சு பெரியம்மா?"

அதே வெள்ளை மணி! பொரியவும் இல்ல, கரையவும் இல்ல. எடுத்து அடுப்புல போட்டா, 'புஸ்ஸ்'னு கரும்புகை. பிளாஸ்டிக் குடம் எரிஞ்ச நாத்தம். அந்தக் கப்பல் பெட்டியில இருந்த பிளாஸ்டிக் மணிதான் அது. "அடப்பாவமே, இதையா கொண்டுபோய் மீனுக்குப் போட்டேன்!"னு தலையில அடிச்சுக்கிட்டா.

உள்ள பிள்ளை கத்துது. "எம்மா, புட்டு ஆச்சா?"ங்கிறா மெற்றில்டா. என்ன செய்வா பாவம்? சதையை மூணு தண்ணியில கழுவி, மஞ்சள் போட்டு அவிச்சா. மகளுக்கு ஊட்டினா. பால் ஊறிச்சு. பிள்ளை 'மொச்சு மொச்சு'ன்னு குடிச்சுது.

மறுநாள் மாவுச் சல்லடையைத் தூக்கிட்டுக் கரைக்குப் போனவதான், சாகுற வரைக்கும் 'சலக் சலக்'குனு மணலைச் சலிச்சா. முழு மணியெல்லாம் சல்லடையில நின்னுச்சு. வெயில்ல நொறுங்கிப் பொடியானது மணலோட மணலா ஒழுகிப் போச்சு.

அந்தப் பிள்ளைதான் என் தங்கச்சி, உங்கம்மா. காலையில சல்லடையோட அம்மா எங்க போறான்னு கேப்பியே, அங்கதான்.

"அந்தப் பொடி சுறா வழியா பாட்டி பாலுக்குள்ளயும் போயிருக்குமா பெரியம்மா?"

தெரியலை மக்கா. நீ வயித்துல இருக்கும்போது உங்கம்மாவும் இதையேதான் கேட்டா. டாக்டரம்மாவும் தெரியலைன்னுதான் சொன்னாங்க.

சரி, வள்ளம் கரைக்கு வந்தாச்சு, கதையும் வந்தாச்சு. கண்ணை மூடு. விடிஞ்சதும் நீயும் அம்மாகூடப் போகலாம், உனக்கு ஒரு சின்னச் சல்லடை எடுத்து வச்சிருக்கேன்.